தீப்பெட்டி ஏறியது, பிஸ்கட் இளைத்தது

கே: 50 காசுக்கு வாங்கிய தீப்பெட்டி இன்று 2 ரூபாய். கேட்பார் இல்லையா? (தென்காசி வாசகர்)

ப: 2007இல் 50 காசு ஒரு ரூபாய் ஆனது. அப்புறம் 14 வருடம் அசையவே இல்லை. மெழுகு, சிவப்புப் பாஸ்பரஸ், அட்டை எல்லாம் ஏறியபின் சிவகாசியில் கூடிப் பேசி, நாள் குறித்து, 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய் ஆக்கினார்கள். 36 குச்சியை 50 ஆக்குவதாகவும் சொன்னார்கள். அந்தக் கணக்கில் குச்சிக்கு 2.8 காசு 4 காசானது. ஏற்றம் 44 சதவீதம், இரட்டிப்பு அல்ல. கோபத்தை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: 5 ரூபாய் பிஸ்கட் பல வருடமாக 5 ரூபாய்தான். எப்படிக் கட்டுப்படியாகிறது? அலமாரியில் ஒரு பழைய உறை கிடைத்தது: 80 கிராம். இப்போது 55. (கரூர் வாசகி)

ப: பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். 100 கிராம் 6.25 ரூபாயாக இருந்தது, 9.09 ஆகியிருக்கிறது. 45 சதவீதம்! தீப்பெட்டிக்காரர் ஊரறியச் சொல்லி ஏற்றியதும் கிட்டத்தட்ட இவ்வளவுதானே? அவரைத் திட்டுகிறோம். இங்கே உறையும் அதே நிறம், விலையும் அதே 5, பிள்ளைக்கு மட்டும் பிஸ்கட் குறைவு. எடையை அச்சிட்டுவிட்டால் சட்டப்படி தப்பில்லை. 2021இல் மத்திய அரசு விதியைத் திருத்தி, எந்தப் பொருளை எந்த எடையில் பொட்டலம் கட்டலாம் என்ற அட்டவணையை எடுத்துவிட்டு, அலகு விலையைப் போடச் சொன்னது. போடுகிறார்கள், கிராமுக்கு 0.09 ரூபாய் என்று எறும்பு எழுத்தில். 0.06 எப்போது 0.09 ஆனது என்று எந்தத் தாய் கவனிப்பாள்? 100 கிராமுக்கு இவ்வளவு என்று விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடட்டும். பத்து தடவையாவது எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

கே: சலுகை என்று 4 கிலோ சோப்புத்தூள் வாங்கினேன். ஒரு கிலோ பாக்கெட் நான்கு வாங்கியிருந்தால் 60 ரூபாய் மிச்சமாம். திருப்பித் தருவார்களா?

ப: மாட்டார்கள். வீட்டில் போட்ட கணக்கைக் கடையில் போட என்ன கேடு? கையில் போன் இருந்ததே. (ஒரு லிட்டர் ஷாம்பூ வாங்கிவிட்டு, சாஷேயே மலிவு என்று பிறகு தெரிந்து, வருடம் முழுக்க அந்தப் பாட்டிலை முறைத்துக்கொண்டே குளித்தவன் நான்.)

கே: நெடுஞ்சாலைக் கடையில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 30 வாங்கினார்கள். கேட்டதற்கு 'கூலிங் சார்ஜ்' என்றார்கள். பேருந்து கிளம்பிவிட்டது.

ப: பாவம், அந்த அவசரத்தை நம்பித்தான் அப்படி விற்கிறார்கள். அச்சிட்ட விலையில் வரி, குளிர்ச்சி எல்லாம் அடக்கம். 1990 முதல் அப்படித்தான். இனி போனில் பணம் அனுப்புங்கள், பாட்டிலையும் கடைப் பலகையையும் படமெடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம், தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடமும் புகார் தரலாம். பத்து ரூபாய்க்கா என்று யோசிக்காதீர்கள்.

கே: உண்டியலில் 25 காசு நிறைய இருக்கிறது.

ப: 2011 ஜூன் 30 முதல் செல்லாது. 50 காசு செல்லும், வாங்கிக்கொள்ளும் கடை கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.