புள்ளியியல் பேராசிரியர் ஆக எத்தனை வருடம்?

கேள்வி: ஊர் ஓமலூர். கருப்பூரில் உள்ள பெரியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. புள்ளியியல் இறுதியாண்டு. பேராசிரியர் ஆக நெட் (தேசியத் தகுதித் தேர்வு), பிஎச்.டி. இரண்டில் எதை முதலில் பிடிப்பது?

பதில்: நெட்டை. முதுகலையில் 55 சதவீதமும் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50) நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் இருந்தால் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த நிலைக்கு பிஎச்.டி. கட்டாயமில்லை என்று 2023-இல் விதி மாறியது.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் பட்டியலில் புள்ளியியலைத் தேடாதீர்கள், இருக்காது. நமக்கு உரியது சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம்) நெட்டின் கணித அறிவியல் தாள். 3 மணி நேரம், 200 மதிப்பெண். 'சி' பகுதியில் 60 கேள்விகளில் 20-க்கு விடை, ஒவ்வொன்றுக்கும் 4.75. இந்தப் பகுதியில் தவறுக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். ஆனால் ஒரு கேள்விக்குப் பல சரியான விடைகள் இருக்கலாம். அதில் ஒன்றை விட்டாலும் பூஜ்யம்.

நம் மாணவர்கள் சறுக்குவது அலகு 1-இல். நிகழ்தகவு, மதிப்பீடு, மாதிரியெடுப்பு உள்ள அலகு 4-ஐக் கரைத்துக் குடித்துவிட்டு, மெய்யெண் பகுப்பாய்வையும் நேரியல் இயற்கணிதத்தையும் கணிதத் துறைக்காரர்களின் பாடம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அலகு 1 எல்லோருக்கும் பொது. அணியின் (matrix) தரமும் (rank) ஐகன் மதிப்பும் கைவசம் இருந்தால் பன்மாறிப் பகுப்பாய்வும் (பல மாறிகளைச் சேர்த்து ஆராயும் பாடம்) பாதி முடிந்த மாதிரிதான்.

செட் தேர்ச்சி தமிழ்நாட்டுக்குள் மட்டுமே செல்லும். என்றாலும் எழுதி வையுங்கள். அரசுக் கலைக் கல்லூரிப் பணியிடங்களை ஆசிரியர் தேர்வு வாரியம் நிரப்புகிறது. பல்கலைக்கழகங்கள் தனியே அறிவிக்கும்.

பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு. அதை முடித்துவிட்டுப் பணியில் சேர்ந்தால், 2018 யுஜிசி விதிப்படி 4, 5, 3, 3 ஆண்டுகள் என நான்கு படி: ஆக 15 ஆண்டில் பேராசிரியர். பிஎச்.டி. இல்லாமல் (எம்.ஃபில்.லும் இல்லாமல்) சேர்ந்தால் முதல் படிக்கே 6 ஆண்டு, இணைப் பேராசிரியர் படியில் பிஎச்.டி. கேட்பார்கள்.

நேரடி நியமனத்தில் பேராசிரியருக்கு 10 ஆண்டு அனுபவம், 10 கட்டுரைகள், ஆய்வு மதிப்பெண் (கட்டுரை போன்ற ஆய்வுப் பணிகளுக்குத் தரும் புள்ளி) 120 தேவை. கட்டுரை எண்ணிக்கையைவிட இந்த 120-தான் ஆளைத் திணறடிக்கும். அறிவியல் பாடத்தில் ஒரு கட்டுரைக்கு 8. இதழின் தாக்கக் காரணி (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) 1-க்கும் 2-க்கும் இடையில் இருந்தால் கூடுதலாக 15. மொத்தம் 23. இருவர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம், அதாவது 16.1. மூவர் எழுதி உங்கள் பெயர் நடுவில் இருந்தால் 30 சதவீதம்: வெறும் 6.9. பணம் வாங்கிக்கொண்டு பத்தே நாளில் வெளியிடும் இதழ்கள் தேர்வுக்குழு முன் செல்லாது. பிஎச்.டி. நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவருடைய பழைய மாணவர்களின் கட்டுரைகளில் முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள்.