வால்வைப் பாதி மூடினால் பிரஷர் குறையுமா?

கேள்வி: 14 மாடி அடுக்ககத்தில் 2-வது மாடியில் இருக்கிறோம். ஒரே வருடத்தில் ஹெல்த் ஃபாசெட் ஹோஸ் மூன்று முறை வெடித்துவிட்டது. பிளம்பர் வந்து பைப்கள் இறங்கும் ஷாஃப்டில் இருக்கும் கேட் வால்வைப் பாதி மூடிவிட்டுப் போனார். தண்ணீர் மெதுவாகத்தான் வருகிறது. ஆனாலும் போன வாரம் விடியற்காலையில் மறுபடியும் வெடித்தது. என்னதான் செய்வது?
— வாசகி, சென்னை

பதில்: அம்மா, 31 வருடமாகப் பைப் வேலை பார்க்கிறேன். ஆரம்பத்தில் நானும் இப்படி வால்வைப் பாதி மூடிவிட்டு வந்தவன்தான். அப்படி மூடிய ஒரு வீட்டில், ஆட்கள் ஊருக்குப் போயிருந்தபோது ஹோஸ் வெடித்து ஹாலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அன்றோடு விட்டுவிட்டேன்.

குழாய் திறந்திருக்கும்வரைதான் பாதி மூடிய வால்வுக்கு வேலை. எல்லாக் குழாயையும் மூடியதும், அந்தச் சின்ன இடுக்கு வழியாகவே அழுத்தம் மெல்ல ஏறி, இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். மொட்டை மாடி டேங்க் உங்கள் குழாயைவிட ஏறக்குறைய 40 மீட்டர் உயரத்தில் இருக்கும். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர்மேல் ஒரு கிலோ, என்பது எங்கள் கணக்கு; ஆக, 4 கிலோ. பகலில் பல வீடுகளில் தண்ணீர் ஓடுவதால் கொஞ்சம் இறங்கும். ராத்திரி யாரும் குழாயைத் திறக்காதபோது முழு 4 கிலோவும் ஹோஸ்மேல் நிற்கும். விடியற்காலையில் வெடித்ததற்கு அதுதான் காரணம். வீட்டுக்கு 2 கிலோ தாராளம்.

ஒரு பிரஷர் கேஜ் வாங்கி, வாஷிங் மெஷின் குழாயில் மாட்டி, ராத்திரி 11 மணிக்குமேல் பாருங்கள். அப்புறம் மேல்வீடு, கீழ்வீடுகளில் விசாரியுங்கள். அங்கேயும் இதே தொல்லை என்றால், கீழ் மாடிகளுக்காகப் போட்ட பிரஷர் குறைக்கும் வால்வு, அதாவது பி.ஆர்.வி., பழுதாகியிருக்கலாம். போர் தண்ணீரின் உப்பு படிந்து அது உள்ளே சிக்கிக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைக் கழற்றிச் சரிசெய்வது சங்கத்தின் பொறுப்பு, விடாமல் கேளுங்கள்.

பி.ஆர்.வி.யே இல்லையென்றால் உங்கள் லைனில் போட்டுக்கொள்ளலாம், முன்னால் ஒரு ஃபில்டரோடு. பெரும்பாலும் ஒவ்வொரு பாத்ரூமுக்கும் மாடியிலிருந்து தனி லைன் இறங்கும். ஒன்றில் மட்டும் போட்டால் இன்னொன்றில் வெடிக்கும்.

கீசரின் சேஃப்டி வால்வு சொட்டினால் தயவுசெய்து அடைத்துவிடாதீர்கள். கீசரே வெடிக்கலாம்.

வேலை முடியும்வரை, ஹெல்த் ஃபாசெட்டைப் பயன்படுத்தியதும் அதன் ஹோஸ் சேரும் இடத்தில், சுவரில் இருக்கும் சின்ன வால்வை, அதாவது ஆங்கிள் காக்கை, மூடுங்கள். பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். படுக்கப் போகுமுன் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.