வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து செய்யும் காலநிலை, எரிசக்தி ஆய்வுகளால் இலங்கைக்கு உண்மையில் பயன் உண்டா? இறுதியாண்டில் இருக்கும் நான் இதில் இறங்கலாமா?

இறங்கலாம் தங்கச்சி. பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் யாருக்குப் போய்ச் சேரும் என்பது, ஆய்வின் கேள்வியை யார் கேட்டார்கள் என்பதில்தான் இருக்கிறது. நான் கொழும்பில் வெள்ள அபாயம் பற்றிய கூட்டாய்வுகளில் தரவுப் பக்கம் வேலை செய்பவன். அதனால் எனக்குக் கிட்ட இருக்கும் உதாரணத்தையே முதலில் சொல்கிறேன்.

2010 நவம்பரில் பெய்த ஒரு மழையில் கோட்டேயில் பாராளுமன்றமே வெள்ளத்துக்குள் நின்றது. அப்புறம் 2012இல், வெள்ளத்தைக் குறைக்கவென்று, உலக வங்கிக் கடனோடு கொழும்பு பெருநகரத் திட்டம் தொடங்கியது. சதுப்பு நிலம் என்றால் மண் கொட்டி நிரப்ப வேண்டிய வெறுங்காணி என்றுதான் இங்கே பலர் பார்த்துவந்தார்கள். அந்த நிலத்துக்கு என்ன பெறுமதி என்று வெளிநாட்டு ஆய்வாளர்களும் உள்ளூர்ப் பொறியியலாளர்களும் சேர்ந்து கணக்குப் பார்த்தார்கள். அவர்கள் போன வழி எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். இனிமேல் மழை எவ்வளவு கூடும் என்பதில் காலநிலை மாதிரிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. எனவே ஒரே ஒரு ஆரூடத்தை நம்பி இருக்காமல், மழை, நகர வளர்ச்சி, சேதம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டு ஏராளமான எதிர்காலங்களை ஓட்டிப் பார்த்தார்கள். எந்த முடிவு எடுத்தால் எதிர்காலம் எப்படி வந்தாலும் பெரிதாக வருந்த வேண்டியிராது என்பதுதான் கேள்வி. சதுப்பு நிலங்கள் முழுவதும் போனால் வெள்ளத்தால் வரும் இழப்பு சராசரியாக வருடத்துக்குக் கொழும்பின் மொத்தப் பொருளாதார உற்பத்தியில் 1 வீதம் அளவுக்கு இருக்கும் என்று வந்தது. இருப்பதைக் காப்பதே புத்தி என்பது அதோடு தெளிவாயிற்று. 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், உலகில் முதன்முதலாக ஈரநில நகரங்களாக அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று.

இது ஏன் சரிவந்தது? கேள்வி இந்த ஊருடையது. மழையளவு, வாய்க்கால் நீர்மட்டம் எல்லாம் இங்கே உள்ள திணைக்களங்களின் பதிவுகள். வெளியிலிருந்து வந்தது முறை.

எரிசக்தியிலும் அப்படித்தான். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு கோளாறு, நாடு முழுக்கக் கரண்ட் போனது. ஒரு குரங்குதான் காரணம் என்று எல்லோரும் பேசினார்கள். பேச வேண்டியது வேறு. விடுமுறை நாள் பகலில் மின் தேவை குறைவு, கூரை சோலார் நிறைய ஓடிக்கொண்டிருந்தது, சுழலும் பெரிய இயந்திரங்கள் கொஞ்சம்தான். ஆகவே மீடிறன், அதாவது மின்னோட்டம் ஒரு செக்கனில் மாறும் தடவைகள், சரியும்போது தாங்கிப் பிடிக்கச் சடத்துவம், அதாவது அந்த இயந்திரங்கள் சட்டென்று வேகம் குறையாமல் சுழன்றுகொண்டே இருக்கும் இயல்பு, போதவில்லை. 2030இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்று உலகத்துக்குச் சொல்லியிருக்கிற நாடு இது. அயர்லாந்தும் ஒரு தீவு வலையமைப்புதான். காற்றாலை போன்ற, சடத்துவம் தராத மூலங்களை ஒரே நேரத்தில் ஓடும் மின்சாரத்தில் 75 வீதம் வரை ஏற்க அவர்கள் படிப்படியாகப் பழகியிருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து வேலை செய்யாமல் எல்லாவற்றையும் நாமே முதலிலிருந்து கண்டுபிடிப்போம் என்பது வீண் பிடிவாதம்.

இனி எனக்கு மனதில் கிடக்கும் விஷயம். மன்னார். அங்கே 100 மெகாவாட் தம்பபவனி காற்றாலைகள் இருக்கின்றன. இன்னும் வேண்டாம் என்று 2025இல் மக்கள் வீதிக்கு வந்தார்கள். கோபுரங்களுக்காகப் போட்ட பாதைகள் மழைநீர் ஓடும் வழியை மறிக்கின்றன, மீன்பாடு குறைந்துவிட்டது, வலசை வரும் பறவைகளுக்குக் கேடு என்கிறார்கள். சிலர் இதை அபிவிருத்திக்கு எதிரான கூச்சல் என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது கோபத்தையே தருகிறது. இவை ஒவ்வொன்றும் அளந்து பார்க்கக்கூடிய கேள்விகள். கொழும்புக்குச் செய்த அதே வெள்ளக் கணக்கை மன்னார்த் தீவுக்கும் செய்யலாம். காற்றாலை வேண்டும் என்று நினைப்பவன் நான், அதனாலேயே இதைச் சொல்கிறேன். மீனவரோடும் பங்குத்தந்தையோடும் தமிழில் உட்கார்ந்து பேசி, கேள்வியை அவர்களிடமிருந்தே எடுத்துக்கொள்ள ஆட்கள் வேண்டும். உங்களைப் போன்றவர்களை அதற்குத்தான் தேடுகிறோம்.

சேரும் முன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: தரவு முடிவில் யாரிடம் இருக்கும், கட்டுரையில் யார் பெயர் வரும்? நான் இருந்த ஒரு திட்டத்தில், பெயர் வேண்டாம், வீடு வீடாகப் போய்த் தகவல் எடுத்த பிள்ளைகளுக்கு நன்றி என்று ஒரு வரி. இறுதி அறிக்கையை எங்களுக்கே வெளிவந்த பிறகுதான் காட்டினார்கள். ஊர் மக்களுக்குத் தமிழில் ஒரு பக்கம்கூடப் போகவில்லை. எல்லா இடமும் அப்படியில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மேற்கு நோர்வே பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகமும் தூய எரிசக்திப் பொருட்கள் பற்றிச் சேர்ந்து ஆய்வு செய்கின்றன. பத்தரமுல்லையில் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் தலைமையகமே இருக்கிறது. இரண்டிலும் விசாரித்துப் பாருங்கள்.

இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்பு இன்னும் எடுக்கவில்லை என்றால், மன்னாரின் வடிகால் நல்ல தலைப்பு. இலவசமாகக் கிடைக்கும் செய்மதி உயரத் தரவை மட்டும் நம்ப வேண்டாம், அவ்வளவு தட்டையான தீவில் அதன் பிழையே தரையின் ஏற்ற இறக்கத்தைவிடப் பெரிது. களத்தில் மட்டம் அளக்க வேண்டும். மழை முடிந்த கையோடு போய், எந்த ஒழுங்கையில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, எத்தனை நாளில் வடிந்தது என்று ஊர்க்காரரிடம் கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். வெள்ளத்தைக் கணக்கிடும் கணினி மாதிரியைச் சரிபார்க்க அந்தக் குறிப்புகள் வேண்டும்.