திடல் பூட்டிய பிறகு எங்கே அடிப்பது?

ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, கோல்ஃப் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. ஒக்டோபர் வரை டாம் ஓ'ஷான்டர் திடலில் வாரம் ஒரு ரவுண்ட் போவேன். நவம்பரில் கிளப் மட்டைகளைக் கராஜில் வைத்தால் ஏப்ரலில்தான் எடுக்கிறேன், எடுக்கும்போது எல்லாம் மறந்து போயிருக்கிறது, முதல் மாதம் முழுக்கப் பந்து வலப்பக்கக் காட்டுக்குள்ளேயே போகிறது. குளிர்காலத்தில் விளையாட எங்கே இடம் தேடலாம்? பெரிய செலவு செய்ய ஏலாது. ஜனவரியில் ஒரு கல்யாணத்துக்குக் கொழும்பு போகிறோம், அங்கே ஏதாவது வாய்ப்பு உண்டா?"

தம்பி, முதலில் ஒன்று. குளிர்காலம் என்று ஐந்து மாதத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். ரொறன்ரோவில் அது மூன்று வேறு காலம். நவம்பர் தொடங்கி டிசம்பர் நடு வரை ஒன்று, அங்கிருந்து பெப்ரவரி கடைசி வரை இன்னொன்று, மார்ச்சிலிருந்து திடல் திறக்கும் வரை மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் இடம் வேறு, செலவும் வேறு. டிசம்பர் விடுமுறையிலேயே இருக்கிற காசையெல்லாம் புளோரிடாவில் கொட்டிவிட்டு மார்ச்சில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்கள் நிறையப் பேர். நானும் ஒரு வருடம் அப்படி நின்றவன்தான்.

நகரசபையின் ஐந்து திடல்களும் (உங்கள் டாம் ஓ'ஷான்டர், டென்டோனியா பார்க், டொன் வலி, ஹம்பர் வலி, ஸ்கார்லெட் வூட்ஸ்) இலையுதிர்காலக் கடைசியில் பூட்டிவிடும். ஆனால் அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தனியார் நடத்துகிற, யாரும் காசு கட்டி விளையாடக்கூடிய திடல்கள் பல, நிலம் இறுகும் வரை திறந்தே இருக்கும். நயாகரா பக்கமும், இன்னும் தெற்கே வின்ட்சர் பக்கமும் எங்களைவிடக் குளிர் கொஞ்சம் குறைவு. ஸ்னோ பிந்துகிற வருடத்தில் அங்கே டிசம்பரிலும் அடிக்கலாம். இணையத்தில் டீ டைம் (ஆட்டம் தொடங்கப் பதிகிற நேரம்) காட்டுகிறதே என்று நம்பி வண்டியை எடுக்காதீர்கள். விடிய எழும்பி ஒரு தொலைபேசி எடுங்கள், இரண்டே கேள்வி: "இன்றைக்குத் திறந்திருக்கிறதா? வழமையான கிரீனா, தற்காலிகக் கிரீனா?" கிரீன் என்பது குழி இருக்கிற, புல்லை ஒட்ட வெட்டிய இடம். தற்காலிகக் கிரீன் என்றால் பெயர்வேயில் (குழிக்குப் போகிற வழிப் புல்வெளியில்) ஒரு வட்டம் வெட்டிக் கொடி நட்டிருப்பார்கள், பட்டிங் (பந்தை உருட்டிக் குழியில் போடுவது) அங்கே வெறும் பகிடி. அதற்குப் பாதி விலை கேட்டால் போகலாம், முழு விலை கேட்டால் வீட்டில் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம்.

முதல் நாள் இரவு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போயிருந்தால், காலை 8 மணி டீ டைம் வெறும் எழுத்துதான். உறைபனி உருகும் வரை ஆளை உள்ளே விடமாட்டார்கள். சிலருக்கு இதில் கோபம் வரும், காரணம் விளங்கினால் வராது. புல்லின் தாளுக்குள் இருக்கிற தண்ணீர் உறைந்து நிற்கும் நேரத்தில் மிதித்தால் உள்ளே இருக்கிற செல்களின் சுவர் உடைந்துவிடும். அந்த நேரம் ஒன்றும் தெரியாது. ஆட்டம் பழகின முதல் வருடம் நான் யாரும் பார்க்கவில்லை என்று பட்டிங் பழகுகிற கிரீனைக் குறுக்கே நடந்து கடந்தேன். இரண்டு நாள் கழித்துப் போனால் என் சப்பாத்து அடிகள் ஒவ்வொன்றும் பழுப்பு நிறத்தில், எந்தக் கால் சாய்ந்து நடக்கிறது என்று சொல்லக்கூடிய அளவுக்கு, வரிசையாகக் கிடந்தன. அங்கே வேலை செய்த பெரியவர் என்னையும் பார்த்தார், என் சப்பாத்தையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் தேவலை. ஆகவே 11 மணிக்குப் பிறகு நேரம் எடுங்கள். டிசம்பரில் இங்கே 4.40 மணிபோலச் சூரியன் விழுந்துவிடும், அதனால் 9 குழியோடு திருப்திப்படுங்கள்.

அந்த நாட்களில் ஆட்டமும் வேறு. குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி கூட, பந்தும் இறுகிப் போயிருக்கும், கனமான உடுப்போடு உடம்பும் திரும்பாது. பொதுவாகச் சொல்கிற கணக்கு, பாரன்ஹீட்டில் 10 பாகை குறைந்தால் பந்து போகிற தூரம் ஏறக்குறைய 2 யார் (கெஜம்) குறையும் என்பது. என் அனுபவத்தில் உடுப்பால் குறைவது அதைவிடக் கூட. ஒரு கிளப் கூட்டி, அதாவது இன்னும் தூரம் போகிற கிளப்பாக, எடுங்கள், ஆனால் கிரீன் இறுகியிருந்தால் பந்தை அதற்கு முன்னாலேயே விழுத்துங்கள், நேரே கிரீனில் விழுந்தால் தார் ரோட்டில் விழுந்த மாதிரித் துள்ளிப் பின்னால் ஓடிவிடும். பந்துப் பையை இரவு முழுக்கக் காருக்குள் விடாமல் வீட்டுக்குள் வையுங்கள். அதற்காகக் கைச்சூட்டுப் பொதியில் சுற்றிப் பந்தைச் சூடாக்கலாமா என்று கேட்டால், கூடாது. வேண்டுமென்று சூடாக்கிய பந்தை அடிப்பது விதி 4.2இன்படி தகுதிநீக்கம். சூட்டுப் பொதி கைக்கு மட்டும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ஒன்டாரியோவில் ஹாண்டிகேப்புக்கு (ஆட்டக்காரரின் தரத்தைக் காட்டுகிற எண்ணுக்கு) கணக்கெடுக்கிற காலம் ஏப்ரல் 15 முதல் ஒக்டோபர் 31 வரைதான். நவம்பரில் இங்கே 115 அடித்தாலும் எங்கேயும் ஏறாது, பயமில்லாமல் அடியுங்கள். ஆனால் அதே நேரத்தில் புளோரிடாவில் அடிப்பது கணக்கில் ஏறும், ஏனென்றால் அங்கே வருடம் முழுக்கக் காலம்தான்.

சரி, ஸ்னோ கொட்டிவிட்டது. இனி பெப்ரவரி கடைசி வரை கூரைக்குக் கீழேதான். இதில் மூன்று வழி இருக்கிறது. முதலாவது, சூடேற்றி வைத்த கொட்டில்களோடு திறந்திருக்கும் ரேஞ்ச் (பந்தை அடித்துப் பழகுகிற வெளி). மலிவு, பந்து போகிற திசையைக் கண்ணால் பார்க்கலாம், ஸ்னோவுக்குள் விழுவதால் எவ்வளவு உருண்டிருக்கும் என்று மட்டும் தெரியாது. இரண்டாவது, காற்றடைத்து நிறுத்திய பெரிய கூடாரம். குளிரே இல்லை, ஆனால் தூரம் போதாது, டிரைவரால் (ஆகத் தூரம் அடிக்கிற கிளப்பால்) அடித்தால் பந்து வளையத் தொடங்குமுன் திரையில் முட்டிவிடும். வலப்பக்கக் காடுதான் உங்கள் பிரச்சினை என்பதால் டிரைவருக்கு இது உதவாது, அரைச் சுழற்சி, கால் சுழற்சி அடிகளைப் பழக நல்லது.

மூன்றாவது சிமுலேட்டர் (திரையில் அடிக்க, பந்து எங்கே போயிருக்கும் என்று இயந்திரம் கணக்கிட்டுக் காட்டுகிற அறை), நீங்கள் கட்டாயம் போக வேண்டியது இதற்குத்தான். மார்க்கம், ஸ்காபரோ, மிசிசாகா எங்கும் தொழிற்பேட்டைக் கட்டிடங்களுக்குள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஒரு இடத்துக்கு மணிக்கு 40 முதல் 70 டொலர் வரை கேட்பார்கள், வாரநாளில் பகல் நேரம் என்றால் குறையும். இது ஆளுக்கு இல்லை, இடத்துக்கு என்பதைக் கவனியுங்கள். நாலு பேர் போனால் ஆளுக்குக் கொஞ்சம்தான், ஆனால் 18 குழி முடிய நாலு மணித்தியாலம் ஆகும். தனியாகப் போனால் ஒரு மணித்தியாலத்திலேயே 18 முடிக்கலாம். வெள்ளிக்கிழமை இரவு கூட்டாளிகளோடு கோழிச் சிறகும் பியருமாகப் போவது சந்தோசம்தான், அதைப் பயிற்சிக் கணக்கில் எழுதாதீர்கள்.

இடம் தேடும்போது திரை எவ்வளவு பெரிது என்று பார்ப்பதைவிட எந்த இயந்திரம் என்று கேளுங்கள். ட்ராக்மேன் ரேடாரால் பந்தைத் தொடர்வது. ஃபோர்சைட் கமராவால் பந்து கிளம்பும் கணத்தைப் படம் பிடிப்பது. இரண்டும் நம்பலாம். அறைக்குள் பந்து பறக்கிற தூரம் குறைவு என்பதால், ரேடார் வைத்திருக்கும் இடத்தில் சுழற்சியைச் சரியாக அளக்கக் குறியிட்ட பந்து தருவார்கள், தந்தால் அதையே அடியுங்கள். உங்களுக்குத் தேவை இரண்டு எண் மட்டும்: அடிக்கும்போது கிளப்பின் முகம் எந்தப் பக்கம் பார்த்தது, கிளப் எந்தத் திசையில் ஓடியது. பந்து வலப்பக்கம் வளைவது இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிற வித்தியாசத்தால்தான். தூரத்தைக் காட்டுகிற பெரிய எண்ணை ஒரு துணியால் மூடிவிடச் சொல்வேன், அது ஆளைக் கெடுத்துவிடும்.

சிமுலேட்டர் பொய் சொல்கிற ஒரு இடம் இருக்கிறது, அது திரையில் இல்லை, காலடியில். விரிப்பில் அடிக்கும்போது பந்துக்குப் பின்னால் இரண்டு அங்குலம் தள்ளி அடித்தாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தட்டிவிடும், திரையில் 7 அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கான கிளப்) 145 யார் என்று அழகாகக் காட்டும். அதே அடியை மே மாதம் ஈர மண்ணில் அடித்தால் ஒரு பெரிய மண்கட்டி பறக்கும், பந்து 60 யாரில் விழும். ஏப்ரலில் எல்லாம் மறந்து போகிறது என்கிறீர்கள். குளிர்காலம் முழுக்கச் சிமுலேட்டர் போய்விட்டு வருகிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள், காரணம் இதுதான். ஒரு சின்னத் துவாயை மடித்துப் பந்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி வையுங்கள். துவாயைத் தொடாமல் பந்தை அடிக்க வேண்டும். முதல் நாள் துவாய்தான் அதிகம் பறக்கும், வெட்கப்படாதீர்கள். விரிப்பு மெல்லியதாக, கீழே சீமெந்து தெரிகிற மாதிரி இறுகியிருந்தால் அந்த இடத்துக்குத் திரும்பப் போகாதீர்கள், முழங்கையும் மணிக்கட்டும் பெப்ரவரிக்குள் நோகத் தொடங்கிவிடும்.

பட்டிங்கைச் சிமுலேட்டரில் பழக வேண்டாம், வீட்டு விரிப்பே போதும். பேஸ்மென்டில் வலை கட்டி அடிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எங்கள் பழைய ஸ்காபரோ வீடுகளின் பேஸ்மென்ட் கூரைக்கு அவ்வளவு உயரம் இல்லை, தாராளமாகச் சுழற்ற 9 அடிக்கு மேல், முடிந்தால் 10 அடி வேண்டும். தெரிந்த ஒருவர் 7 அயர்னால் கூரையில் போட்ட ஓட்டைக்கு மேல் இப்போது ஒரு தேவையில்லாத மின்விளக்கு தொங்குகிறது.

இனி பயணம். ஒரே ஒரு பயணத்துக்குத்தான் காசு என்றால் டிசம்பரில் போகாமல் மார்ச்சில் போங்கள். ஏப்ரலுக்குப் பக்கத்தில் புல்லில் நாலைந்து ரவுண்ட் அடித்துவிட்டு வந்தால் அந்தக் கை அப்படியே இங்கே திறக்கும் நாளுக்கு வந்து சேரும். மலிவான வழி தென் கரோலினாவின் மேர்டில் பீச். ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர், மூன்று நாலு பேர் மாறி மாறி ஓட்டினால் 15, 16 மணித்தியாலம், மேற்கு வேர்ஜினியா மலையில் ஸ்னோ இருக்கும் என்பதால் குளிர்கால டயரைக் கழற்றாமல் போங்கள். கனடாக்காரர்களுக்கென்றே மார்ச்சில் அங்கே கொண்டாட்டம் வைப்பார்கள், அவ்வளவு பேர் போகிறோம். ஜனவரியில் அங்கே பகல் 13 பாகை செல்சியஸ்தான், அதற்கு அந்தத் தூரம் ஓட வேண்டியதில்லை. பெர்முடா புல் குளிரில் உறங்கி வைக்கோல் நிறத்தில் கிடக்கும், அது செத்த புல் இல்லை, அடிக்க ஒன்றும் குறையாது.

ஒர்லாண்டோ ஜனவரியிலும் 22 பாகை, ஆனால் பெப்ரவரி, மார்ச்சில் விலை உச்சத்தில் நிற்கும். அரிசோனாவின் பீனிக்ஸ் இன்னும் வடிவு, செலவும் அதுக்கேற்றபடி. ஒக்டோபரில் போகாதீர்கள், குளிர்காலப் புல் விதைப்பதற்காகத் திடல்களைச் சில கிழமை பூட்டிவிடுவார்கள். எங்கே போனாலும் பயணக் காப்புறுதி எடுங்கள், ஓஹிப் அட்டை (ஒன்டாரியோவின் அரச மருத்துவக் காப்புறுதி) எல்லைக்கு அப்பால் பெரிதாக ஒன்றும் கட்டாது. எல்லை தாண்ட விருப்பமில்லை என்றால் வன்கூவர் நகரசபையின் லங்காரா, பிரேசர்வியூ, மக்கிளீரி மூன்றும் குளிர்காலத்திலும் திறந்திருக்கும், மழைச் சட்டையோடு போங்கள். விக்ரோறியாவில் மழை அதைவிடக் குறைவு.

கொழும்புக்குப் போவது உங்கள் அதிர்ஷ்டம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை அந்தப் பக்கம் வறண்ட காலம், ரிக்கெற்றும் ஏற்கெனவே எடுத்தாயிற்று. பொரளையில் இருக்கிற றோயல் கொழும்பு கோல்ஃப் கிளப் 1879இல் தொடங்கியது. களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை திடலுக்குள்ளாலேயே போகிறது, உலகத்தில் எங்கே இப்படி ஆடப் போகிறீர்கள். முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், ஹாண்டிகேப் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். கிளப் பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், வாடகைக்குக் கிடைக்குமா என்று அதே கடிதத்தில் கேட்கலாம், சப்பாத்தும் கையுறையும் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். கெடி (பை தூக்கி வழி சொல்கிறவர்) சொல்கிற கோட்டில் பட்டிங் செய்யுங்கள், அந்தப் புல்லின் போக்கு எங்கள் கண்ணுக்குப் பிடிபடாது. இரண்டு நாள் கூட இருந்தால் கண்டிக்குப் பக்கத்தில் திகணையில் விக்ரோறியா நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருக்கிற திடலுக்குப் போய் வாருங்கள், என் கணக்கில் நாட்டிலேயே அழகானது அதுதான். நுவரெலியாத் திடலும் பழைமையானது, அழகானது, ஆனால் ஜனவரி விடியலில் அங்கே உறைபனி விழும். குளிருக்குப் பயந்து 14,000 கிலோமீட்டர் பறந்து போய் அங்கேயும் பனி உருகும் வரை காத்திருக்கப் போகிறீர்களா, யோசியுங்கள்.

கொழும்பில் வெள்ளனவே, 6 மணிக்கே தொடங்கிவிடுங்கள், 10 மணிக்குப் பிறகு வெயில் ஆளைக் காய்ச்சிவிடும். கல்யாணத்துக்கு முதல் நாள் மட்டும் போக வேண்டாம். கையுறை போட்ட இடக்கை வெளிறிப்போய், வலக்கை கறுத்துப்போய், இரண்டு நிறக் கையைக் கூப்பிக்கொண்டு எல்லாப் படத்திலும் நிற்பீர்கள். என் மச்சாளின் கல்யாண ஆல்பத்தில் நான் அப்படித்தான் நிற்கிறேன்.