விளக்குமாறும் நீதிமன்றமும்

வணக்கம் ஐயா,

ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். குழந்தைகள் தினத்தன்று உரிமைகளைப் பற்றி விரிவாகப் பேசினோம். மறுநாள் கரும்பலகையை அழிக்கச் சொன்னால், "அது எங்க வேலை இல்ல மிஸ்" என்கிறான் ஒருவன். அடிக்கவும் கூடாது, திட்டவும் கூடாது. உரிமையை எழுதியவர்கள் கடமையையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டாமா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

எழுதியவர்களும் உண்டு. ஆப்பிரிக்க நாடுகள் 1990-இல் ஏற்ற குழந்தைகள் சாசனத்தின் 31-ஆம் பிரிவு, பெற்றோரை மதிப்பது, தேவைப்படும்போது உதவுவது என்று குழந்தையின் பொறுப்புகளைச் சொல்கிறது; வயதுக்கும் திறனுக்கும் ஏற்றபடி. நம் அரசியலமைப்பில் கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 2002 திருத்தமும் கூடவே ஒரு கடமையைச் சேர்த்தது. ஆனால் அது பெற்றோருக்கு: 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் படிக்கவைக்கும் கடமை. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. பலகையை அழிக்காதவனுக்கும் அடிபடாமல் படிக்கும் உரிமை உண்டு. பிள்ளைகளை அடிப்பதைத் தடைசெய்யும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு நல்ல பிள்ளைகளுக்கு மட்டும் என்று சொல்லவில்லை.

சரி, பொறுப்பு எப்படித்தான் வரும்? போலந்தின் வார்சா நகரில் யானுஷ் கோர்ச்சாக் என்ற குழந்தை மருத்துவர் யூதக் குழந்தைகளுக்காக நடத்திய அநாதை இல்லத்தைப் பாருங்கள். ஒளித்து வைத்திருந்த விளக்குமாற்றை எடுத்து, படுக்கையறை வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி மரியாதையாக வைத்தார் அவர். கூட்டுவதும் துடைப்பதும் பிள்ளைகளின் முறைவேலை. அதோடு நிறுத்தியிருந்தால் அது வேலை வாங்கும் தந்திரம், அவ்வளவுதான். அங்கே பிள்ளைகளின் நீதிமன்றமும் இருந்தது. அந்த வாரம் வழக்கில் சிக்காத பிள்ளைகளில் ஐந்து பேரைக் குலுக்கிப் போட்டு நீதிபதிகளாக்குவார்கள். சட்டத்தொகுப்பின் முதல் 99 பிரிவுகளும் மன்னித்து அனுப்புபவை. கோர்ச்சாக் ஆறே மாதத்தில் தன்மேலேயே ஐந்து வழக்குப் போட்டுக்கொண்டார். ஒரு பையனைக் காதோடு சேர்த்து அறைந்ததற்கு ஒன்று. ஒரு சிறுமி திருடியதாகச் சந்தேகப்பட்டதற்கு இன்னொன்று. பிள்ளைகள் விசாரித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். தன் சொல்லுக்கு எடை இருக்கிறது என்று கண்ட பிள்ளை விளக்குமாற்றை எடுப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

உங்கள் மாணவன் சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. அது யார் வேலை என்று அவனோடு யாரும் பேசவே இல்லையே! வகுப்பே கூடி முறை போடட்டும்; உங்கள் பெயரும் அதில் இருக்கட்டும். முறை தவறினால் என்ன செய்வது என்பதையும் அவர்களே சொல்லட்டும். அப்புறம் ஒன்று: கழிப்பறையை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அந்த வேலை கடைசியில் யார் வீட்டுப் பிள்ளைகள் தலையில் விழும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.