மறைக்காமல் சொல்லிச் சேருங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

மகனுக்கு நாலு வயது நடக்கிறது. போன வருடம் ஓட்டிசம் (கதைப்பதும் மற்றவர்களோடு பழகுவதும் வித்தியாசமாக இருக்கும் வளர்ச்சி நிலை) என்று வைத்தியர் சொன்னார். ரிவி விளம்பரங்களை வரி பிசகாமல் சொல்லுவான், ஆனால் தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாது. நானும் கணவரும் அரச வேலை. அதனால் பக்கத்தில் ஒரு டே கெயாரில் விட்டிருந்தோம். பிந்திக் கதைக்கிற பிள்ளை என்று மட்டும்தான் சொல்லிச் சேர்த்தோம். கொஞ்ச நாள் போனதும், “மற்றப் பிள்ளையளின்ர அம்மாமார் குறை சொல்லுகினம், அடுத்த மாதத்தில இருந்து கூட்டிக்கொண்டு வராதேங்கோ” என்று சொல்லிவிட்டார்கள். அவனைப் பார்த்துத் தங்கள் பிள்ளைகளும் பழகிவிடுமாம். நான் வேலைக்குப் போனதால்தான் பிள்ளை இப்படி ஆனான் என்று மாமி சொல்கிறா. வேலையை விடவா? வேறு இடத்தில் சேர்த்தால் ஓட்டிசம் என்று சொல்லவா, விடவா? சொன்னால் எடுக்கமாட்டார்கள் என்று பயமாக இருக்கிறது.

சு., மானிப்பாய்

அன்புள்ள சு.,

மாமி சொன்னதை முதலில் எடுக்கிறேன். அதைத் தலையில் வைத்துக்கொண்டு நீங்கள் எந்த முடிவும் எடுக்க ஏலாது. நீங்கள் வேலைக்குப் போனதால் மகனுக்கு ஓட்டிசம் வரவில்லை. மாமியைக் கோபிக்கவும் வேண்டாம், ஒரு காலத்தில் பெரிய படிப்புப் படித்த வைத்தியர்களே தாயின் அன்பு போதாததால் வருவது என்றுதான் எழுதினார்கள். அமெரிக்காவில் பேர்னாட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், அவரும் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் தகப்பன், 1964இல் ஒரு புத்தகமே எழுதி அதை மறுத்தார். 1977இல் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வொன்று, இதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்று காட்டியது. அதற்கிடையில் எத்தனை அம்மாமார் செய்யாத குற்றத்தைச் சுமந்தே வயது போனார்களோ. நீங்கள் சுமக்க வேண்டாம். வீட்டில் நிற்க உங்களுக்கே விருப்பம் என்றால் அது வேறு கதை. பரிகாரம் செய்கிற மாதிரி வேலையை விடாதீர்கள். அரச வேலை விட்டால் திரும்ப வராது, மகனுக்குச் செலவு இனித்தான் இருக்கிறது.

சரி, சொல்லவா விடவா என்ற கேள்விக்கு வருகிறேன். சொல்லுங்கள். முதல் நாளே, மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்கள் தாங்களாக ஒரு பெயர் வைப்பார்கள், ‘குழப்படிப் பிள்ளை’ என்று. பிறகு குழப்படிக்குச் செய்கிற வைத்தியம்தான் நடக்கும். சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிற பிள்ளையை, அதைவிடப் பெரிய சத்தத்தில் உறுக்குவார்கள். அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல ஏலாது, அவர்களுக்குக் காரணம் தெரியாதே. சொன்னதும் முகம் மாறுகிற இடத்தில் உங்கள் மகன் ஒரு நாளும் நிம்மதியாக இருந்திருக்கமாட்டான். அந்தக் கதவு மூடினால் மூடட்டும்.

என் மகள் சின்னவளாக இருந்தபோது கொக்குவிலில் ஒரு வீட்டில் விட்டிருந்தோம். பார்த்துக்கொண்ட அன்ரி இதற்கென்று ஒரு பயிற்சியும் எடுத்தவ இல்லை. ஓட்டிசம் என்று சொன்னதும், “அவவுக்கு என்னென்ன பிடிக்காது?” என்றுதான் முதலில் கேட்டா. சேர்ந்த புதிதில் மகள் காலையில் ஒரு குறிப்பிட்ட நேரம் வந்தால் வீரிட்டுக் கத்திக்கொண்டு படலைக்கு ஓடுவாள். அம்மாவைத் தேடுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அன்ரி மட்டும் அந்த நேரத்துக்கு அவளுக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்துக் கண்டுபிடித்தா, பக்கத்து வீட்டில் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டர் போடுகிற நேரம் அது. எங்கள் காதில் ஏறாத அந்த இரைச்சல் அவளைப் போட்டு வதைத்திருக்கிறது. அதற்குப் பிறகு மோட்டர் தொடங்க முன்பே அவளை முன் விறாந்தைக்குக் கூட்டிப் போய், சுளகில் பயறு கொட்டிக் கொடுத்து இருத்திவிடுவா. விரலுக்குள்ளால் பயற்றை விட்டு விட்டு அள்ளிக்கொண்டு இருப்பாள். கத்தல் நின்றுவிட்டது. பேச்சுச் சிகிச்சைக்குப் போய் வந்தபோதெல்லாம் அங்கே சொன்னதை நான் அன்ரிக்கும் சொல்லுவேன், அவவும் அதையே செய்வா. நீங்களும் ஆஸ்பத்திரியில் சொல்வதை வீட்டோடு வைத்திருக்காதீர்கள்.

அதனால் சுவரில் மிக்கி மவுஸ் கீறியிருக்கிறதா, ஏசி இருக்கிறதா, இங்கிலிஷில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்றெல்லாம் பார்க்காதீர்கள். உங்களிடம் கேள்வி கேட்கிறார்களா என்று பாருங்கள். ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் முதல் வளவைச் சுற்றிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் கிணறு இல்லாத வளவு அருமை, கட்டு உயரமில்லாத பழைய கிணறுகள் இன்னும் இருக்கின்றன. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் சொல்லாமல் கொள்ளாமல் வெளிக்கிட்டுப் போவார்கள், தண்ணீரைக் கண்டால் விடமாட்டார்கள். கிணற்றுக்கு மூடியோ வலையோ இல்லையென்றால், படலைக்குப் பிள்ளைக்கு எட்டாத கொளுக்கி இல்லையென்றால், எவ்வளவு அன்பான ஆட்களாக இருந்தாலும் அங்கே விடாதீர்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

இடம் பிடித்துவிட்டால் மகனைப் பற்றி ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒரு பக்கம் போதும், நீட்டினால் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். எந்தச் சத்தம் ஆகாது, என்ன சாப்பிடுவான், எதை வாயில் வைக்கவே மாட்டான், மலசலகூடத்துக்குப் போக வேண்டுமென்றால் என்ன செய்வான், அழத் தொடங்கினால் அணைப்பதா தள்ளி நிற்பதா. அந்த விளம்பரங்களையும் எழுதுங்கள். எதை எப்போது சொல்கிறான் என்று ஒரு கிழமை கவனித்துப் பாருங்கள். பசி வந்தால் பிஸ்கற் விளம்பரத்தைச் சொல்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அது அவர்கள் கேட்கிற விதம். உங்கள் மகனும் ஒருவேளை தண்ணீர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறானோ தெரியாது. அப்புறம், முதல் கிழமை முழு நாளும் விடாதீர்கள். ஒரு மணித்தியாலம், நீங்களும் கூட இருந்து. லீவு எடுக்க வேண்டி வரும், எடுங்கள்.

சேர்த்த பிறகும் கண் வைத்திருக்க வேண்டும். கொக்குவிலுக்கு முன் மகள் போன இடத்திலும் ஓட்டிசம் என்று சொல்லித்தான் சேர்த்தோம், அவர்களும் தலையாட்டினார்கள். ஒரு நாள் நேரத்தோடு கூட்டிவரப் போனால், அவளைச் சுவரோடு கதிரையில் இருத்தி, எழும்ப முடியாதபடி மேசையை நெஞ்சோடு நெருக்கி வைத்திருந்தார்கள். ஓடித் திரிகிறாளாம். எங்கள் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து எதையும் சொல்லமாட்டார்கள். அதனால் சொல்லாமல் இடைநேரத்தில் போங்கள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள், உடுப்பைப் பாருங்கள், காலையில் அந்த ஒழுங்கைக்குள் திரும்பும்போது அவன் முகத்தைப் பாருங்கள்.

குறை சொன்ன அம்மாமாருக்கு ஒரு பதில். இது ஒட்டுவாரொட்டி இல்லை. இலங்கையில் 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளிடம் செய்து 2009இல் வெளியான ஆய்வில், 93 பேருக்கு ஒருவர் என்று கண்டார்கள். இன்றைக்கு உங்கள் மகனை நிற்பாட்டினாலும் நாளைக்கு இன்னொரு பிள்ளை அந்தப் படலைக்குள்ளால் வரத்தான் போகிறது. கல்வி நிலையங்களில் சேர்ப்பதில் இயலாமையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. முதலாம் வகுப்புக்குப் போகும்போது அது உங்களுக்குத் தேவைப்படும், நினைவில் வைத்திருங்கள். ஆனால் டே கெயார்க்காரரோடு சட்டம் கதைத்து வெல்ல நினைக்காதீர்கள். மனமில்லாமல் எடுத்தவர்களிடம் பிள்ளையை விட்டுவிட்டு கந்தோரில் எப்படி இருப்பீர்கள்?

மானிப்பாய், சண்டிலிப்பாய், ஆனைக்கோட்டைப் பக்கம் இப்படியான பிள்ளையை மனமுவந்து பார்க்கிற இடம் தெரிந்த வாசகர்கள் எனக்கு எழுதுங்கள். நேரில் போய்க் கிணற்றையும் படலையையும் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது. வருகிற கடிதங்களை அப்படியே உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன், சு.