ராமேஸ்வரத்துல எங்க சாப்பிடலாம்? வாசகர் கேள்வி பதில்

லீவு நெருங்குதுன்னாலே நமக்கு வர்ற கேள்வில பாதி ராமேஸ்வரம்தான். அதுவும் தரிசனத்தை விட சாப்பாட்டை பத்தி கேக்குறவங்கதான் ஜாஸ்தி. சரி, இந்த வாரம் பக்கம் மொத்தமும் அதுக்கே.

அம்மாவும் மாமியாரும் கூட வர்றாங்க, ரெண்டு பேரும் சுத்த சைவம், காரம் ஆகாது. ஸ்படிக லிங்க தரிசனம், 22 தீர்த்தம்னு லிஸ்ட் போட்டு வச்சிருக்காங்க. சாப்பாட்டுக்கு என்ன பண்றது அண்ணா? (வாசகி, ஈரோடு)

சைவத்துக்கு அங்க கவலையே வேணாம்மா, கோயிலை சுத்தி இருக்குறது பூரா சைவ ஹோட்டல்தான். விஷயம் எந்த ஹோட்டல்ங்கறதுல இல்ல, எத்தனை மணிக்குங்கறதுலதான் இருக்கு. ஸ்படிக லிங்கம் விடிகாலை 5 மணிக்கு, அதை பாத்துட்டு அக்னி தீர்த்தம்னு சொல்ற கோயில் பக்கத்து கடல்ல முங்கி, அப்புறம் ஒவ்வொரு கிணறா வாளித்தண்ணி ஊத்திக்கிட்டு, துணி மாத்தி மறுபடி சாமி பாத்து வெளிய வர்றதுக்குள்ள பெரியவங்களுக்கு கண்ணு இருட்டிரும், அதனால கைப்பையில பிஸ்கட்டோ வாழைப்பழமோ வச்சுக்கோங்க. மதியம் 1 மணிக்கு நடை சாத்துனா 3 மணிக்குத்தான் திறப்பாங்க, உள்ள இருந்த கூட்டம் அப்படியே ஹோட்டலுக்குள்ள வந்து விழும், நீங்க 12 மணிக்கே உக்காந்துடுங்க. காரம் ஆகாதவங்களுக்கு என் சாய்ஸ் வடநாட்டு போஜனாலயாதான். காசிக்கு போறவங்க ராமேஸ்வரமும் வரணும்ங்கறதால வடக்கத்தி ஆளுங்களுக்குன்னே அங்க நிறைய இருக்கு, சுடச்சுட சப்பாத்தி, பருப்பு, ஒரு கூட்டு, வயித்துக்கு சாதுவா இருக்கும். கோயில் அன்னதானமும் இருக்கு, கூச்சப்படாம போங்க.

வஞ்சரம் வறுவல் எந்த ஹோட்டல்ல டாப் தலைவா? (வாசகர், சென்னை அம்பத்தூர்)

தலைவா, ஹோட்டல் பேரை கேக்காதீங்க, படகு என்னைக்கு வந்துச்சுன்னு கேளுங்க. அங்க பெரிய விசைப்படகும் சின்ன நாட்டுப்படகும் ஒரே கடலை பங்கு போட்டுக்கிட்டு தொழில் பண்றாங்க, அதனால விசைப்படகு தினமும் போகாது, வாரத்துல 3 நாள்தான், பொதுவா திங்கள், புதன், சனி கிளம்பி மறுநாள் காலைல கரைக்கு வரும். அப்போ செவ்வாய், வியாழன், ஞாயிறு மதியம் நீங்க இலை முன்னாடி உக்காந்தா யோகம். மத்த நாள்ல நாட்டுப்படகு மீன் கிடைக்கும், இல்லன்னா ஐஸ்ல கெடந்ததுதான். மீனவங்களை இலங்கை நேவி பிடிச்சு வச்சுட்டாங்கன்னு ஸ்ட்ரைக் நடக்குற நேரம்னா விசைப்படகு கிளம்பாது, அந்த வாரம் மீன் கம்மியா இருக்குன்னு கடைக்காரர்கிட்ட சண்டை போடாதீங்க, பாவம் அவங்களுக்கு அது பொழப்பு.

அப்புறம் நீங்க வஞ்சரம்னு சொல்றது அந்த பக்கம் சீலா. ஆனா அதையே கட்டிக்கிட்டு அழாதீங்க, சீலா உங்களுக்கு அம்பத்தூர்லயும் கிடைக்கும். நகரை, பாறை, கணவாய் எது இருக்குன்னு கேளுங்க. நல்ல சைஸ் நண்டும் இறாலும் முக்கால்வாசி எக்ஸ்போர்ட்டுக்கு ஏறிடும், ஹோட்டலுக்கு வர்றது சின்ன நண்டு, அது குழம்புக்குத்தான் லாயக்கு, அதுவும் ராமநாதபுரம் குண்டு மொளகா போட்டு வச்ச குழம்புன்னா சோறு கேட்டுக்கிட்டே இருக்கும். கோயில் பக்கம் இதெல்லாம் தேடாதீங்க, பஸ் ஸ்டாண்ட் ரோடு, தங்கச்சிமடம், பாம்பன்னு தள்ளிப் போங்க.

மே மாசம் போறோம், மீன் கிடைக்குமா? (வாசகர், சேலம்)

ஏப்ரல் 15 லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்கு போகாது. நாட்டுப்படகுக்கு தடை இல்லங்கறதால மத்தி, சூடை மாதிரி சின்ன மீன் வரும், ஃப்ரெஷ்ஷா இருக்கும், அதை சாப்பிடுங்க. அந்த சமயத்துல பெரிய துண்டா சீலா வறுவல் வச்சா அது வெளியூர் மீன், விலையும் கண்ணை கட்டும். ஒண்ணு செய்யுங்க, மே மாசம்னா அது நுங்கு சீசன், தங்கச்சிமடம் ரோட்டோரம் வண்டிய ஓரங்கட்டுங்க.

பசங்களோட தனுஷ்கோடி போறோம், அங்க சாப்பாடு கிடைக்குமா, இல்ல கட்டிட்டு போகணுமா? (வாசகி, திருப்பூர்)

கிடைக்கும். 1964 டிசம்பர் புயல்ல ஊர் அழிஞ்ச பின்னாடியும் அங்கயே தொழில் பண்ற மீனவ குடும்பங்க ஓலை கொட்டகை போட்டு மீன் பொரிச்சு தர்றாங்க, மசாலா தடவி தட்டுல அடுக்கி வச்சிருப்பாங்க, நீங்க கைகாட்டுனா எண்ணெய்ல போடுவாங்க. எனக்கு ராமேஸ்வரம் தீவுல சாப்பாட்டுக்குன்னு ஒரே ஒரு இடம் சொல்லுன்னா இதைத்தான் சொல்வேன், ஏசி ஹோட்டல் எல்லாம் அப்புறம். ஆனா பொரிக்கறதுக்கு முன்னாடி விலையை கேட்டுடுங்க, மீன் சைஸுக்கு தகுந்த மாதிரி மாறும், பின்னாடி கேட்டு மூஞ்சிய தூக்கி வச்சுக்கறது ரெண்டு பேருக்கும் சங்கடம். சின்னப் பசங்களுக்கு மட்டும் இட்லியோ தயிர் சாதமோ ராமேஸ்வரத்துலயே கட்டிக்கோங்க, தண்ணியும் தாராளமா எடுத்துக்கோங்க, தனுஷ்கோடி ரோடு முடியுற அரிச்சல்முனைல நிழல்னு எதுவும் கிடையாது. சாயங்காலம் போலீஸ் எல்லாரையும் கிளப்பிடுவாங்க, அதனால மதிய சாப்பாட்டுக்கு போற மாதிரி பிளான் பண்ணுங்க.

ராத்திரி லேட்டா போய் இறங்குனா? (வாசகர், ஓசூர்)

வழில ராமநாதபுரத்துலயே முடிச்சுட்டு போங்க. பரோட்டாவுக்கு அங்க பஞ்சம் இல்ல.

வரும்போது என்ன வாங்கிட்டு வரலாம்? (வாசகி, கரூர்)

கருவாடுன்னா பாம்பன், மண்டபம் பக்கம் பாத்து வாங்குங்க, கையில அமுக்குனா நல்லா காய்ஞ்சு இருக்கணும், ஈரம் தட்டுனா விட்டுடுங்க. இனிப்பு வேணும்னா, ஊர் திரும்பறப்போ கீழக்கரை வழியா வர்றவங்க தொதல் வாங்காம வந்துடாதீங்க, தேங்காப்பாலும் கருப்பட்டியும் போட்டு மணிக்கணக்கா கிண்டுற அல்வா மாதிரி ஒண்ணு. கருவாடு வாங்கறவங்க மட்டும் நாலு கவர் போட்டு இறுக்கி கட்டுங்க, ஏசி கோச்ல வர்றீங்கன்னா எதிர் பர்த்காரங்க ஊர் வர்ற வரைக்கும் உங்களை திட்டிக்கிட்டே வருவாங்க.